அந்த முடிவை எங்கே எடுத்தார்கள்?

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் 'ஓஎஸ்எஸ்-செக்யூரிட்டி' என்ற மின்னஞ்சல் குழுவுக்கு ஒரு மடல் அனுப்பினார். டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் கணினியில், தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழையும்போது வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று அவர் தோண்டிப் பார்த்திருக்கிறார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் திறந்த மூல மென்பொருளின் (நிரலை யார் வேண்டுமானாலும் படித்து மாற்றக்கூடியது) 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளவாசல் ஒன்றை வைத்திருப்பது அப்படித்தான் வெளியே வந்தது.

கண்டுபிடித்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு சுவாரசியமாகப் பட்டது அதற்கடுத்த சில நாட்கள். இதைச் செய்தவர் எப்படி உள்ளே வந்தார் என்று உலகம் முழுவதும் தேட ஆரம்பித்தார்கள். நிரல்களைச் சேமித்துப் பகிர இடம் தரும் கிட்ஹப் நிறுவனம் எக்ஸ்இசட்டின் நிரல் களஞ்சியத்தை முடக்கிவிட்டிருந்ததால் அங்கே நடந்த விவாதங்களை அப்போது யாராலும் திறந்து பார்க்க முடியவில்லை. ஆனால் அந்தத் திட்டத்துக்குப் பழைய மின்னஞ்சல் குழு ஒன்று இருந்தது. அதன் மடல்கள் வேறோர் இடத்தில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி சேர்ந்து கிடந்தன. 2022 ஏப்ரலிலிருந்து ஜூன் வரையிலான மடல்களைப் படித்தவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முன்பின் தெரியாத பெயர்கள் சில திடீரென்று முளைத்து, பேட்ச்கள் (நிரல் திருத்தங்கள்) ஏன் தேங்கிக் கிடக்கின்றன, வேறு மெயின்டெய்னரை (பொறுப்பாளரை) போடக்கூடாதா என்று நச்சரிக்கின்றன. பல வருடங்களாகச் சம்பளம் இல்லாமல் அதைப் பார்த்துவந்தவர், மனநலம் சரியில்லை, இது எனக்குப் பொழுதுபோக்குத் திட்டம்தான் என்று பதில் எழுதுகிறார். அப்புறம் 'ஜியா டான்' என்ற பெயரில் உதவிக்கு வந்தவரின் கைக்குப் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

இந்த நச்சரிப்பு ஒரு சாட் அறையில் நடந்திருந்தால், இரண்டு வருடம் கழித்து அதைத் தேடி எடுத்திருப்பது சிரமம். தனிச்செய்திகளாகப் போயிருந்தால் பாதிக்கப்பட்டவரின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இருந்திருக்காது.

திறந்த மூல மென்பொருள் குழுக்களில் எங்கே பேசுவது என்ற கேள்வி வரும்போதெல்லாம் பேச்சு உடனே கருவிகள் பக்கம் போய்விடுகிறது. அரட்டைக்கு ஸ்லாக்கா, டிஸ்கார்டா, மேட்ரிக்ஸா? மின்னஞ்சல் பழசாகிவிட்டதா? இந்த விவாதத்தில் பேசுபவர்களின் வசதிதான் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு முக்கியமாகப் படுகிறவர் அந்த நேரத்தில் அங்கே இல்லாதவர். பேச்சு நடக்கும்போது வேறு நாட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர், மூன்று வருடம் கழித்துத் திட்டத்தில் சேரப்போகிறவர், ஏன் இப்படி எழுதினார்கள் என்று நிரலைப் பார்த்துத் தலையைச் சொறியப்போகிறவர். அவருக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டால் எந்தப் பேச்சு எங்கே நடக்கலாம் என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

மடலில் வளர்ந்தவர்கள்

லினக்ஸ் பற்றிய முதல் அறிவிப்பே ஒரு பொதுக் குழுவில்தான் வந்தது. 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்கள் கூடும் யூஸ்நெட் (பழைய இணைய விவாத வலை) குழுவில், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதினார். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் பெரிதாக மாறவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றாலும் பேட்ச் மின்னஞ்சலில்தான் போக வேண்டும். யாருக்கு அனுப்புவது என்று சொல்லவே ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. வருகிற பதில்கள் பேட்சின் வரிகளுக்கு நடுவிலேயே வரும்: இந்த வரியில் பூட்டைத் திறக்க மறந்துவிட்டீர்கள், அந்த வரியில் மாறியின் பெயர் சரியில்லை என்று. எல்லா மடல்களும் 'லோர்' என்ற பொதுச் சேமிப்பில் போய்ச் சேரும். ஒப்புக்கொள்ளப்பட்ட மாற்றத்தின் குறிப்பிலேயே பல சமயம் அதைப் பற்றிய மடல் விவாதத்தின் முகவரியும் இருக்கும். பத்து வருடத்துக்கு முன் எழுதிய வரியைப் பற்றிச் சந்தேகம் வந்தால், அதை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தாலும், அன்று யார் என்ன ஆட்சேபம் சொன்னார்கள் என்பதைப் படிக்கலாம்.

இதற்குக் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. கெர்னல் குழுக்களின் சர்வர் ஹெச்டிஎம்எல் மடலை ஏற்காது. சாதா எழுத்து மட்டும்தான். ஜிமெயிலை பிரவுசரில் திறந்து பேட்ச் அனுப்ப முடியாது என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. அது டேப்களை ஸ்பேஸாக மாற்றிவிடும், வரிகளை 78 எழுத்துகளில் உடைத்துவிடும். கல்லூரி மாணவர் ஒருவர் தன் முதல் பேட்சை அனுப்புவதற்கு முன்னால் நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட்டின் மின்னஞ்சல் கட்டளையையும், சர்வர் அமைப்புகளையும், பதிலை மேற்கோளுக்குக் கீழேதான் எழுத வேண்டும் என்ற ஆசாரத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவருக்கு இரண்டு நாள் இதிலேயே போய்விடும். பழையவர்கள் இதைத் தகுதித் தேர்வு மாதிரிப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிரலில் பூட்டு எங்கே திறக்கிறது என்று தெரிந்தவருக்கு மின்னஞ்சல் செயலியின் அமைப்புகளும் தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? கிட் திட்டம் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. அங்கும் பரிசீலனை மடல் குழுவில்தான் நடக்கிறது. ஆனால் 'கிட்கிட்கேட்ஜெட்' என்ற கருவி, கிட்ஹப்பில் போட்ட புல் ரிக்வெஸ்ட்டை (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையை) ஒழுங்கான மடல்களாக மாற்றிக் குழுவுக்கு அனுப்பிவிடுகிறது. புதியவர் தனக்குத் தெரிந்த கதவு வழியாக நுழையலாம், பேச்சு ஒரே இடத்தில் சேரும்.

போஸ்ட்கிரெஸ் இன்னும் ஒரு படி மேல். இவ்வளவு பெரிய தரவுத்தளத் திட்டம் பிழைகளைப் பதியும் வழக்கமான வழுப் பதிவேடு எதுவும் இல்லாமல், மடல் குழுக்களை வைத்தே ஓடுகிறது. ஃப்ராய்ண்ட் அங்கே நெடுங்காலமாக வேலை செய்பவர். கள்ளவாசலைப் பற்றி அவர் எழுதிய மடல் அவ்வளவு நிதானமாக, ஆதாரங்களோடு, படிப்படியாக இருந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மடலின் பலவீனம் வேறோர் இடத்திலும் தெரியும். எல்லோருக்கும் கருத்து சொல்ல வாய்ப்பு இருப்பதால், எல்லோருக்கும் புரிகிற சின்ன விஷயத்தில்தான் எல்லோரும் கருத்து சொல்வார்கள். 1999இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவில், சற்று நேரம் காத்திருக்கச் சொல்லும் 'ஸ்லீப்' கட்டளை பின்ன நொடிகளையும் ஏற்க வேண்டுமா என்று மடல்மேல் மடலாகச் சண்டை நடந்தது. வெறுத்துப்போன நிரலாளர் பௌல்-ஹென்னிங் காம்ப், அணு உலைக்குச் சுலபமாக அனுமதி கிடைக்கும், சைக்கிள் கொட்டகைக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்றால் மட்டும் விவாதம் முடியாது என்ற பழைய உதாரணத்தை எடுத்து ஒரு மடல் எழுதினார். இன்றும் நிரலாளர்கள் இம்மாதிரிச் சண்டையை 'பைக்ஷெட்' என்கிறார்கள். இந்த வியாதிக்குக் கருவியை மாற்றுவது மருந்தாகாது. எந்தத் தளத்துக்குப் போனாலும் கொட்டகையும் கூடவே வரும்.

எழுபத்திரண்டு மணி நேரம்

பல திறந்த மூல மென்பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் அப்பாச்சி அறக்கட்டளையில் எல்லோரும் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: மடல் குழுவில் நடக்காதது நடக்கவே இல்லை. கேட்டால் வறட்டுப் பிடிவாதம் மாதிரித் தோன்றும். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நியாயம் தெரியும். 1995இல் அப்பாச்சி வலை சர்வரை ஆரம்பித்தவர்கள் ஒரே அலுவலகத்தில் இருந்தவர்கள் இல்லை. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வேலை பார்த்துக்கொண்டு, கைவிடப்பட்ட நிலையில் இருந்த ஒரு சர்வருக்கான பேட்ச்களை மின்னஞ்சலில் பரிமாறிக்கொண்டவர்கள். ஒருவருக்குக் காலை, இன்னொருவருக்கு இரவு. எனவே முடிவெடுக்கும் முறையையே அதற்கேற்ப அமைத்துக்கொண்டார்கள். வாக்கெடுப்பு என்றால் குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்கும். சம்மதம் என்றால் +1, எதிர்ப்பு என்றால் -1. நிரல் மாற்றத்தை எதிர்ப்பவர் தொழில்நுட்பக் காரணமும் சொல்ல வேண்டும். யாரும் எதுவும் சொல்லவில்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

இந்த 72 மணி நேரம் எவ்வளவு பெரிய சலுகை என்பது இந்தியாவில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். கலிஃபோர்னியாவில் காலை பத்து மணிக்கு வீடியோ கூட்டம் வைத்தால் இங்கே இரவு பத்தரை. அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்றரை. அலுவலக நேரத்தில் சம்பளத்துக்காகக் கலந்துகொள்பவரும், பகல் வேலை முடித்துக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் கலந்துகொள்பவரும் அந்தக் கூட்டத்தில் சமமானவர்கள் இல்லை. கூட்டமே கூடாது என்று அப்பாச்சியும் சொல்வதில்லை. பேசுங்கள், சந்தியுங்கள், ஆனால் பேசியதை மடல் குழுவுக்குக் கொண்டுவந்து மற்றவர்கள் மறுப்பதற்கு நேரம் கொடுங்கள் என்கிறார்கள்.

யாருடைய இடம்?

ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறை 1988இல் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் எழுதியது. திறந்த மூல உலகின் அன்றாட அரட்டை முப்பது வருடம் அங்கேதான் நடந்தது. அதில் பெரும்பகுதி ஃப்ரீநோடு என்ற தன்னார்வ வலைப்பின்னலில். 2021இல் அந்த வலைப்பின்னலின் கட்டுப்பாடு யாருக்கு என்ற தகராறு முற்றியது. மே 19 அன்று அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் கூட்டமாக ராஜினாமா செய்து, 'லிபெரா சாட்' என்று புதிதாக ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் வேடிக்கை கூடியது. அறையின் தலைப்பில் 'நாங்கள் லிபெராவுக்குப் போகிறோம்' என்று எழுதியிருந்த நூற்றுக்கணக்கான அறைகளைப் புதிய நிர்வாகம் கைப்பற்றியது. ஜூனில் மென்பொருளையே மாற்றி, பழைய பதிவுப் பெயர்களையும் அறைகளையும் துடைத்துவிட்டது. உபுண்டு, ஜென்டூ, விக்கிமீடியா போன்ற பெரிய குழுக்கள் அதற்குள் கிளம்பிவிட்டன.

இவ்வளவு நடந்தும் அந்தத் திட்டங்களுக்குப் பெரிய சேதம் எதுவும் இல்லை. ஐஆர்சியில் முடிவுகள் எதுவும் குடியிருக்கவில்லை என்பதுதான் காரணம். நீங்கள் இணைப்பில் இல்லாத நேரத்தில் பேசியது உங்களுக்குக் கிடைக்காது என்பது ஐஆர்சியின் பிறவிக் குணம். அதனால் முக்கியமானதை வேறெங்காவது எழுதிவைக்கும் பழக்கம் தானாக வந்துவிட்டது. வழு பதிவேட்டில் இருந்தது, விவாதம் மடல் குழுவில் இருந்தது, நிரல் கிட்டில் இருந்தது. அறையின் முகவரியை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது.

ஸ்லாக், டிஸ்கார்டு போன்றவற்றின் சிக்கல் இதற்கு நேர் எதிர். பழைய பேச்சு அங்கே இருக்கிற மாதிரி ஒரு தோற்றம் கிடைக்கிறது. மேலே உருட்டினால் போன வாரம் பேசியது வருகிறது. அந்தத் தைரியத்தில் யாரும் எதையும் வேறெங்கும் எழுதிவைப்பதில்லை. ஆனால் அது வாடகை வீடு. ஸ்லாக் 2018 மே மாதம் ஐஆர்சி வழியாக நுழையும் வசதியை மூடியது. 2022 செப்டம்பரிலிருந்து இலவசக் கணக்குகளில் 90 நாளுக்கு முந்தைய செய்திகளை மறைத்தது. 2024 ஆகஸ்டிலிருந்து ஒரு வருடத்துக்கு மேற்பட்டவற்றை அழிக்கவே ஆரம்பித்தது. 2025 ஜூனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த, குபெர்னெட்டீஸ் என்ற திறந்த மூலத் திட்டத்தின் ஸ்லாக், சில நாள் அவகாசத்தில் இலவச நிலைக்கு இறக்கப்படப்போகிறது என்ற செய்தி வந்து, அந்தக் குழு டிஸ்கார்டுக்கு மூட்டை கட்ட ஆரம்பித்தது. அப்புறம் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. வணிக நிறுவனத்தைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? தன் பொருளுக்கு அது விலை வைக்கிறது. அதை நம்பி ஒரு திட்டத்தின் நினைவு முழுவதையும் அங்கே வைத்தவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

டிஸ்கார்டில் இன்னொரு குறை. வெளியிலிருந்து தேடுபொறியால் உள்ளே பார்க்க முடியாது. ஒரே பிழைச் செய்திக்கு ஒரே பதிலை, புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் யாராவது மறுபடி தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேலும் 2024 அக்டோபரில் ரஷ்யாவும் துருக்கியும் அடுத்தடுத்த நாட்களில் டிஸ்கார்டைத் தடை செய்தன. அந்த நாடுகளிலிருந்து பங்களித்தவர்களுக்கு அறை ஒரே நாளில் காணாமல் போனது. இந்த அபாயம் கிட்ஹப்புக்கும் உண்டு. அமெரிக்கத் தடைச் சட்டங்களால் 2019இல் ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் கணக்குகள் பல கட்டுப்படுத்தப்பட்டன. ஈரானுக்கு மட்டும் 2021 ஜனவரியில் உரிமம் வாங்கி மீண்டும் திறந்தார்கள்.

இதைச் சொன்னவுடன் 'எல்லாவற்றையும் நாமே நடத்துவோம்' என்று ஒரு குரல் வரும். அதற்கும் ஆள் வேண்டும். ஐஆர்சியையும் மேட்ரிக்ஸையும் பாலம் போட்டு இணைத்தால் இரு தரப்பும் சந்தோஷமாக இருக்கலாம் என்று பல குழுக்கள் நம்பின. லிபெராவுக்கான பொதுப் பாலத்தில் கோளாறுகள் தொடர்ந்து வரவே, 2023இல் அது நிறுத்தப்பட்டது.

அரட்டை அறை வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிதாக வருகிறவருக்கு அதுதான் மிகச் சுலபமான வாசல். 'நிறுவும்போது இப்படி ஒரு பிழை வருகிறது' என்று ஆயிரம் பேர் படிக்கும் மடல் குழுவில் கேட்கக் கூச்சப்படுகிறவர் அரட்டையில் கேட்டுவிடுவார். மொசில்லா இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய தன் ஐஆர்சி சர்வரை 2020 மார்ச்சில் மூடியதற்கு இதுவே காரணம்: புதியவர்கள் உள்ளே வரத் தடுமாறினார்கள், தொல்லை கொடுப்பவர்களைக் கட்டுப்படுத்தக் கருவிகள் போதவில்லை. அவர்கள் மாறிய விதம் மற்றவர்களும் கவனிக்க வேண்டியது. என்னென்ன தேவை என்று முதலில் வெளிப்படையாக எழுதினார்கள். மேட்ரிக்ஸ், மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட், ஸ்லாக் நான்கையும் எல்லோரையும் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார்கள். கருத்து வாங்கிக்கொண்டு 2019 டிசம்பரில் மேட்ரிக்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பழையது அணைவதற்கு முன் சில மாதம் அவகாசம் இருந்தது.

ரஸ்ட் சமூகத்தின் இரண்டு முகங்கள்

இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் யோசிக்கக் கொடுத்தது ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கதை. மொழியில் பெரிய மாற்றம் செய்ய வேண்டுமானால் அங்கே ஆர்எஃப்சி என்ற முன்மொழிவு எழுத வேண்டும். அது பொதுவில் விவாதிக்கப்படும். 2015இலேயே அவர்கள் வகுத்துக்கொண்ட ஒரு விதி உண்டு: பொதுவில் ஏற்கெனவே விவாதிக்கப்பட்ட காரணங்களை வைத்து மட்டுமே குழு முடிவெடுக்க வேண்டும். குழுவினர் தங்களுக்குள் தனியாகப் பேசலாம். அப்போது புதிதாக ஒரு காரணம் தோன்றினால் அதைப் பொது விவாதத்துக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மற்றவர்கள் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். நான் படித்தவற்றில் இதைவிட நல்ல விதியைப் பார்த்ததில்லை. எந்தக் கருவியைப் பற்றியும் அது பேசவில்லை. எங்கே பேசினாலும் சரி, அங்கே இல்லாதவருக்குத் தெரியாத காரணத்தால் முடிவு மாறக்கூடாது என்கிறது, அவ்வளவுதான்.

அதே சமூகத்தில்தான் 2023 மே மாதம் ஒரு மாநாட்டுச் சங்கடம் நடந்தது. ரஸ்ட்கான்ஃப் மாநாட்டின் முதன்மை உரைக்கு அழைக்கப்பட்ட ஒருவருக்கு, உங்கள் உரை சாதாரண உரையாக மாற்றப்படுகிறது என்று பிறகு தகவல் போனது. அவர் மாநாட்டிலிருந்தே விலகினார். அவரை முன்மொழிந்த ரஸ்ட் குழுவினர் தரப்பிலும் கொதிப்பு எழுந்தது. விசாரித்தால், தலைமையில் இருந்தவர்களுக்கென்று இடைக்கால ஏற்பாடாக ஒரு தனி அரட்டைக் குழு இருந்திருக்கிறது. அதில் சிலர் தயக்கம் சொல்லியிருக்கிறார்கள். அது குழுவின் முடிவா, தனிநபர் கருத்தா என்று யாரும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளாமலேயே அமைப்பாளர்களுக்குச் செய்தி போய்விட்டது. ரஸ்ட் தரப்பு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதமே அந்த அரட்டைக் குழு போய், பொறுப்புகள் எழுதப்பட்ட ஒரு தலைமை மன்றம் வந்தது.

மொழியின் இலக்கணத்தில் ஒரு புள்ளியை மாற்றப் பொது விவாதம் கேட்ட சமூகம், ஒரு மனிதரைப் பற்றிய முடிவை ஒரு சாட் ஜன்னலில் நழுவவிட்டது. அரட்டையில் பேச்சுக்கும் முடிவுக்கும் நடுவே கோடு இருப்பதில்லை. 'எனக்கு அவ்வளவாகச் சரியாகப் படவில்லை' என்று ஒருவர் எழுதுகிறார், இரண்டு பேர் தலையாட்டும் இமோஜி போடுகிறார்கள், மூன்றாமவர் அதைத் தீர்மானமாக எடுத்துக்கொண்டு போகிறார். மடல் குழுவின் +1, -1 சடங்கு எவ்வளவு சலிப்பாக இருந்தாலும், முடிவு எப்போது நடந்தது என்பதில் அங்கே குழப்பம் வராது.

பைதான் நிரல்மொழி இதை வேறு மாதிரி சமாளித்திருக்கிறது. 2000இலிருந்து அங்கே பெப் என்ற ஆவண முறை இருக்கிறது. ஒரு யோசனை ஏன் தேவை, எப்படிச் செயல்படும் என்பதோடு, என்னென்ன மாற்று யோசனைகள் நிராகரிக்கப்பட்டன, ஏன் என்பதற்கும் அதில் இடம் உண்டு. விவாதம் எங்கே நடக்கிறது என்ற சுட்டி ஆவணத்தின் தலையிலேயே இருக்கும். 2022இல் பைதான் தன் வழுப் பதிவேட்டை கிட்ஹப்புக்கு மாற்றியது. அதே ஆண்டில் மையக் குழுவினரின் பேச்சும் பழைய மடல் குழுவிலிருந்து டிஸ்கோர்ஸ் என்ற விவாதத் தளத்துக்குப் போனது. இரண்டு வீடு மாற்றியும் பெப்கள் அப்படியே இருக்கின்றன. பேச்சின் சாரத்தைப் பேச்சு நடந்த இடத்திலிருந்து பிரித்து வைத்ததன் பலன் இது. 2018இல் பெப் 572 என்ற முன்மொழிவு பற்றிய சண்டையில் மனம் வெறுத்து, பைதானை உருவாக்கிய கீடோ வான் ரோஸம் தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார். அதன் பிறகு மொழியை யார் எப்படி நிர்வகிப்பது என்ற கேள்விக்கான பதில்களையும் போட்டி பெப்களாகவே எழுதி, வாக்கெடுத்து முடிவு செய்தார்கள்.

பூட்டி வைக்க வேண்டியவை

எல்லாம் பொதுவில் நடக்க வேண்டும் என்பதற்கு விதிவிலக்கு உண்டு. பாதுகாப்பு ஓட்டையைப் பொது இஷ்யூவில் (எல்லோரும் படிக்கும் பிழைப் பதிவில்) எழுதினால் அதைச் சரிசெய்வதற்கு முன் திருடர்கள் படித்துவிடுவார்கள். 2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுட் பொறியாளர் ஒருவர் லாக்4ஜே என்ற மென்பொருளில் இருந்த ஓட்டையை அப்பாச்சிக்குத் தனிமடலில்தான் சொன்னார். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் விஷயம் வெடித்தபோது திருத்தம் ஏறக்குறையத் தயாராகியிருந்தது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்களுக்கென்று உள்ள தனிக் குழு ஓட்டைகளை அதிகபட்சம் 14 நாள்தான் ரகசியமாக வைத்திருக்கும், பிறகு வெளியே சொல்லியாக வேண்டும். ரகசியத்துக்குக் கெடு வைத்திருப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. நடத்தை பற்றிய புகார்களும், யாரைப் புதிதாகச் சேர்ப்பது என்ற பேச்சும் இதே வகைதான். அப்பாச்சியிலும் அவற்றுக்குத் தனிக் குழு இருக்கிறது. இவ்வளவைத் தவிர மற்றதெல்லாம் தனிப் பேச்சுக்குப் போனால் ஏன் என்று கேட்கலாம்.

நம் பக்கம்

தமிழ்க் கணிமைக்கும் இதில் ஒரு பழைய பங்கு உண்டு. 1990களின் பிற்பகுதியில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் முறை) என்று இருந்த காலத்தில், தஸ்கி குறியேற்றம் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்து உருவாக்கியது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி, ஒருவரையொருவர் பார்த்தே இராத தன்னார்வலர்களைக் கொண்டு இணையம் வழியாகவே நூல்களைத் தட்டச்சு செய்தது. அடுத்து வந்தது யாஹூ குழுக்களின் காலம். மென்பொருள் பேசியவர்களும் இலக்கியம் பேசியவர்களும் அங்கே இருந்தார்கள். 2019 அக்டோபரில் யாஹூ பழைய உள்ளடக்கத்தை அழிக்கப்போவதாக அறிவித்து, 2020 டிசம்பரில் குழுச் சேவையையே மூடியது. யாராவது முன்கூட்டிப் பிரதி எடுத்து வைத்திருந்த குழுக்கள் தப்பித்தன. மற்றவை போயே போய்விட்டன.

இப்போது வாட்ஸ்அப்பும் டெலிகிராமும். நம் ஊரில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ஒருவரையொருவர் முதலில் சந்திக்கும் இடம் பெரும்பாலும் இவைதான். எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டத்துக்கு ஆள் கூப்பிட அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் உங்கள் கைபேசி எண் அங்கிருக்கும் முன்பின் தெரியாத எல்லோர் கண்ணிலும் படுகிறது. பெண்கள் ஏன் இந்தக் குழுக்களில் குறைவாக இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டெலிகிராமில் பயனர்பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம், பழைய பேச்சையும் புதியவர் படிக்கும்படி வைக்கலாம் என்பதால் அது கொஞ்சம் மேல். இரண்டிலுமே நடுவில் காலை வணக்கம் வரும், அதைத் தவிர்க்க முடியாது.

தமிழில் ஒரு சொல்திருத்தியோ எழுத்துருவோ உருவாக்கும் மூன்று நான்கு பேர் குழுவுக்கு மேலே சொன்ன ஏற்பாடுகளில் பெரும்பாலானவை தேவைப்படாது. தொடங்கும் உற்சாகத்தில் ஒரு மடல் குழு, ஒரு டிஸ்கார்டு, அதில் பன்னிரண்டு அறைகள், ஒரு டெலிகிராம் என்று திறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. இருக்கிற நான்கு பேரும் நான்கு இடத்தில் சிதறிப்போகிறார்கள். புதியவர் எந்த அறையைத் திறந்தாலும் கடைசிச் செய்தி எட்டு மாதத்துக்கு முந்தையது. நிரல் இருக்கும் இடத்திலேயே இருக்கும் இஷ்யூ பக்கமும், ஏதாவது ஓர் அரட்டைக் குழுவும் ஆரம்பத்துக்குப் போதும். பாதுகாப்புப் பிரச்சினை என்றால் யாருக்குத் தனியாக எழுதுவது என்று ஒரு வரி, திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் இருக்கட்டும். அரட்டையில் 'சரி, இப்படியே செய்துவிடலாம்' என்று பேசி முடித்தவர், அதை ஏன் என்ற காரணத்தோடு இரண்டு வரியாக இஷ்யூவில் எழுதிவிட்டு நிரலைத் தொட்டால் நல்லது. நிரல் மாற்றத்தோடு சேர்ந்தே பதிவாகும் கமிட் குறிப்பிலும் எழுதினால் இன்னும் நல்லது. கிட்ஹப் மூடினாலும் டெலிகிராம் தடையானாலும் களஞ்சியத்தைப் பிரதி எடுத்த ஒவ்வொருவரின் கணினியிலும் கமிட் குறிப்பு இருக்கும்.

இரண்டாவது அறையைத் திறக்கும் நேரம் தானாகவே தெரியும். பயனர்களின் கேள்விகளுக்கு நடுவே நிரல் எழுதுபவர்களின் பேச்சு காணாமல் போக ஆரம்பித்தால் பிரிக்கலாம். எந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்று ஒரே இடத்தில் எழுதி, எல்லா அறைகளின் தலைப்பிலும் அந்தச் சுட்டியை வைக்க வேண்டும்.

மூடுவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. லினக்ஸுக்குத் திரைச்சூழல் உருவாக்கும் க்னோம் திட்டம் 2022இல் மடல் குழுக்களை நிறுத்தி டிஸ்கோர்ஸுக்கு மாறியபோது பழைய மடல்களைப் படிக்க மட்டும் விட்டுவைத்தது. சின்னத் திட்டமும் அதைச் செய்யலாம். இனி இங்கே யாரும் இல்லை, அங்கே வாருங்கள் என்று கடைசிச் செய்தியாக எழுதி மேலே குத்திவிட்டு, எழுதும் வசதியை அடைத்து, முடிந்தால் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக எடுத்துக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் போட்டுவைக்கலாம். பொது மடல் குழு என்றால் கேள்வியே இல்லை; அரட்டைக் குழு என்றால் அதற்கு முன் பேசியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும், பொதுவில் வரும் என்று நினைத்து அவர்கள் அங்கே பேசியிருக்க மாட்டார்கள்.